போர் முடிந்தபின் வந்த கலம்

தமிழில் கடற்கலங்களுக்குப் பெயர் மிகுதி. நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில், ஓடம், பஃறி என்று அடுக்கிச் சொல்லலாம். கப்பல் செலுத்துவோனுக்கு வழங்கும் 'மாலுமி' என்னும் சொல், 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பது அறிஞர் கருத்து. கற்பிப்பவர் எனப் பொருள்படும் அச்சொல் கடல்வழி அறிந்தவருக்கும் ஆகி, நம் கரையோர ஊர்களின் வழியே தமிழிற் குடியேறியது. இத்துணைச் சொல்வளம் இருந்தும், இருபதாம் நூற்றாண்டு கண்ட ஒரு கலவகைக்குப் பழந்தமிழிற் பெயரில்லை. வானூர்திகளைச் சுமந்து செல்லும் போர்க்கப்பலே அது. 'விமானந்தாங்கிக் கப்பல்' என்று நாளேடுகள் ஆக்கிக்கொண்ட தொடரையே நாமும் ஆள்கின்றோம்.

அவ்வகைக் கப்பல்களுள் ஒன்றனது தொடக்ககாலப் பணியை இக்கட்டுரையில் நோக்குவோம். 'குளோரி' என்பது அதன் பெயர். மாட்சி என்று தமிழில் உரைக்கலாம். இரண்டாம் உலகப் போருக்கென விரைந்து கட்டப்பட்டு, போர் ஓய்ந்த வேளையிலே பசிபிக் பெருங்கடலை அடைந்து, சரணடைவு நிகழ்ச்சி ஒன்றுக்கு மேடையாகி, பின்னர்ச் சிறை மீண்டோரை ஏற்றிச் சென்ற கலம் அது. போர் வரலாறு எழுதுவோர் இத்தகைய பணியை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவர். குண்டு வீசிய கப்பலுக்குத் தனி நூல் உண்டு. கட்டில் விரித்த கப்பலுக்கு அடிக்குறிப்புத்தான் உண்டு. அந்த ஓரிரு வரிகளிற் சற்றே நின்று பார்க்க விரும்புகின்றோம். இக்கப்பல்கள் யாரை ஏற்றின என்று கேட்டுக்கொண்டே செல்பவர், யாரை ஏற்றவில்லை என்ற வினாவிலும் வந்து நிற்க நேர்கின்றது. அவ்வினா நம்மவரைத் தொடுகின்றது.

மூன்றாண்டுக்கெனக் கட்டியது

1942ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை பெரும் நெருக்கடியில் இருந்தது. விமானந்தாங்கிகள் சில மூழ்கியிருந்தன. எஞ்சியவை ஐரோப்பியக் கடலுக்கும் கீழைக் கடலுக்கும் பகிர்ந்தளிக்கப் போதவில்லை. இரும்புக் கவசத் தளம் பூண்ட பெருங்கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆகும். ஆகவே கவசமில்லாத, எளிய, விரைந்து முடிக்கத்தக்க கப்பல்களைக் கட்டுவதென முடிவு செய்தனர். அவற்றின் உடற்பகுதியை வணிகக் கப்பல்களுக்குரிய விதிமுறைப்படியே கட்டினர். போர்க்கப்பல் கட்டிப் பழகாத தளங்களிலும் அவற்றைக் கட்ட இயலும் என்பது இதனால் விளைந்த நன்மை. ஏறத்தாழ மூன்றாண்டுகள், அல்லது போர் முடியும்வரை உழைத்தாற் போதும் என்பதே அவற்றைப் பற்றிய எதிர்பார்ப்பு. 'கொலாசஸ்' வகுப்பு என அவை பெயர் பெற்றன.

அவ்வகுப்பைச் சேர்ந்த 'குளோரி' வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஹார்லண்ட் உல்ப் நிறுவனத்தின் கப்பற்கட்டுந்தளத்தில் உருவாயிற்று. 'டைட்டானிக்' பிறந்த தளமும் அதுவே. 1942 ஆகஸ்டில் அடிக்கட்டை இடப்பட்டது. 1943 நவம்பரில் நீரிலிறக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 2ஆம் நாள் கடற்படைப் பணியில் அமர்த்தப்பட்டது. எடை ஏறத்தாழ 13,000 டன். நீளம் 695 அடி. வேகம் மணிக்கு 25 கடல்மைல். நாற்பது வானூர்திகள் வரை கொள்ளும். கோர்சேர் என்னும் சண்டை விமானங்களும் பாரகுடா என்னும் குண்டுவீச்சு விமானங்களும் அதில் இருந்தன. கேப்டன் அந்தோணி பஸார்டு அதன் தலைவர்.

இங்கே ஓர் உறவையும் சுட்ட வேண்டும். இதே அமைப்பிற் சிறிது மாற்றி வரையப்பட்ட 'மெஜஸ்டிக்' வகுப்புக் கப்பல்களுள் ஒன்று 'ஹெர்குலிஸ்'. 1945 செப்டம்பர் 22ஆம் நாள் நீரிலிறக்கப்பட்டுப் போர் முடிந்தமையால் பணி நிறுத்தப்பட்ட அக்கப்பலை 1957இல் இந்தியா விலைக்கு வாங்கியது. அது நிறைவு செய்யப்பட்டதும் அதே பெல்பாஸ்ட் தளத்தில்தான். 1961 மார்ச் 4ஆம் நாள் அது 'விக்ராந்த்' என்னும் பெயருடன் இந்தியக் கடற்படையிற் சேர்ந்து, 1997 ஜனவரி வரை பணியாற்றிற்று. ஆகவே குளோரியின் வடிவத்தை மனக்கண்ணில் காண விழையும் மாணவர், பழைய விக்ராந்தின் நிழற்படத்தைப் பார்த்தாலே போதும்.

நம் கதைக்கு இன்றியமையாத உறுப்பு ஒன்று கப்பலின் வயிற்றில் இருக்கின்றது. விமானங்கள் மேல்தளத்தில் இறங்கும். பின்னர் மின்தூக்கி வழியே கீழுள்ள கூடத்துக்குச் செல்லும். விமானக் கொட்டில் எனலாம். அக்கொட்டிலின் நீளம் 445 அடி. அகலம் 52 அடி. உயரம் பதினேழரை அடி. நடுவே தடுப்புச் சுவரில்லை. விமானங்களை அப்புறப்படுத்திவிட்டால், நூற்றுக்கணக்கான கட்டில்களை வரிசையாக இடத்தக்க ஒரு மண்டபம் அது. கட்டியவர்கள் இப்பயனை எண்ணிக் கட்டினார்களல்லர்.

ரபாவுல் துறையில்

குளோரி 1945 ஆகஸ்டில் சிட்னித் துறைமுகத்தை அடைந்தது. அம்மாதம் 15ஆம் நாள் ஜப்பான் போரை நிறுத்த இசைந்துவிட்டது. இரண்டரை ஆண்டுக்கு மேல் உழைத்துக் கட்டிய கப்பல், பகைவன்மீது ஒரு குண்டும் வீசாமலே உலகப் போரின் இறுதியைக் கண்டது. அதன் உடன்பிறப்புகளான கொலாசஸ், வெனரபிள், வெஞ்சன்ஸ் ஆகியவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஆயினும் வேலை காத்திருந்தது. நியூகினித் தீவுக்கு வடகிழக்கே நியூ பிரிட்டன் என்றொரு தீவு. எரிமலைகள் சூழ்ந்த அதன் துறைமுக நகர் ரபாவுல். 1942 ஜனவரியில் ஜப்பானியர் அதனைக் கைப்பற்றித் தென் பசிபிக்கில் தம் முதன்மைத் தளமாக்கினர். மலைகளைக் குடைந்து நெடுஞ்சுரங்கங்கள் அமைத்தனர். அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் அதனை நேரே தாக்காமல், சுற்றிலும் வழியடைத்துவிட்டு அப்பாற் சென்றனர். உணவும் மருந்தும் வாராத நிலையில், உள்ளிருந்த படையினர் கிழங்கும் காயும் பயிரிட்டு நாள் கழித்தனர். தோற்காத படை, ஆனால் அசைய முடியாத படை. பேரரசர் போரை நிறுத்தச் சொன்னபோது, அங்கே படைக்கலங்களுடன் பல்லாயிரவர் நின்றிருந்தனர். கரையில் இறங்கிச் சரணடைவு வாங்குவது அறிவுடைமையாகாது எனக் கருதிய ஆஸ்திரேலியர், கடலிலேயே அதனை நடத்த விழைந்தனர். அதற்கு அகன்ற மேடை வேண்டும். குளோரியின் மேல்தளம் அம்மேடையாயிற்று.

1945 செப்டம்பர் 6ஆம் நாள், ஹார்ட், அமெதிஸ்ட் என்னும் சிறு போர்க்கப்பல்கள் துணைவர, குளோரி ரபாவுலுக்கு அப்பால் நின்றது. ஆஸ்திரேலிய முதற்படையின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் வெர்னன் ஸ்டர்டி மேசைமுன் நின்றார். ஜப்பானிய எட்டாம் பகுதிப் படையின் தலைவர் ஜெனரல் ஹிதோஷி இமாமுராவும், அப்பகுதிக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் ஜினிச்சி குசாக்காவும் கப்பலேறி வந்தனர். இமாமுரா தம் வாளை ஒப்படைத்தார். நியூகினி, நியூ பிரிட்டன், நியூ அயர்லாந்து, பூகன்வில் முதலிய தீவுகளில் இருந்த ஏறத்தாழ 1,39,000 பேர் அந்த ஒரே ஆவணத்தின் கீழ்ச் சரணடைந்தனர். போர்க் காலத்தில் ஆற்ற வேண்டியிருந்த எப்பணிக்கும் ஈடான நிகழ்ச்சி, விமானம் இறங்கும் பலகைமீது வாய்ச்சொல்லாலும் மையாலும் நடந்தேறியது.

கரையில் இருந்தோர்

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10ஆம் நாள், ஆஸ்திரேலியப் படைகள் ரபாவுலில் இறங்கின. அங்கே அவர்கள் கண்ட காட்சியே நாம் சொல்லவந்த செய்தியின் நடுவிடம்.

பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர் 600 பேர் 1942 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களுள் 517 பேர் பல்லாலே என்னும் சிறு தீவுக்கு விமானத்தளம் அமைக்க அனுப்பப்பட்டனர்; ஒருவரும் மீளவில்லை. ரபாவுலில் விடப்பட்டோருள் போர் முடிவில் உயிருடன் இருந்தோர் 18 பேர். அறுநூற்றில் பதினெட்டு. இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டியிருக்கின்றது.

அங்கே இந்தியரும் இருந்தனர், ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு நாள் கழித்து ஃபேரர் பூங்காத் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர் ஒன்றுதிரட்டப்பட்டு ஜப்பானியரிடம் கையளிக்கப்பட்டனர். அவர்களுட் பலர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அவர்தம் வரலாறு நாடறிந்தது. சேராது நின்றோரும் பலர். இவ்விரு சாராருள் யார் நாட்டுப்பற்று மிக்கவர் என்று தராசு பிடிப்பது நம் நோக்கமன்று. உண்ட உப்பை எண்ணியவரும் உண்டு, பிறந்த மண்ணை எண்ணியவரும் உண்டு. சேராது நின்றோருள் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் கூலிப்படைகளாக்கி நியூகினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் அனுப்பினர். சுரங்கம் தோண்டவும் சுமை இறக்கவும் தளம் சமன் செய்யவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். முஸ்லிம்கள், சீக்கியர், இந்துக்கள் எல்லோரும் அதில் இருந்தனர்.

பின்னர் ரபாவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய போர்க்குற்ற வழக்குகளில், இவ்விந்தியரை வதைத்தமை பற்றிய வழக்குகள் பல. அவற்றில் எதிர்தரப்பு எடுத்துவைத்த வாதம் ஒன்று சொல்லாராய்ச்சி செய்வோரும் நோக்கத்தக்கது. இவர்கள் போர்க்கைதிகளே அல்லர். ஜப்பானியப் படையின் துணைப்பணியில் அமர்ந்தோர் என்பது அவ்வாதம். போர்க்கைதி என்னும் ஒரு சொல் பொருந்துமானால், உணவுக்கும் மருந்துக்கும் உயிருக்கும் உலக வழக்குப்படி ஓர் உரிமை உண்டு. அச்சொல்லை நீக்கிவிட்டால், தண்டிக்கவும் கொல்லவும் தம் படைச்சட்டமே போதும் என்றாகிவிடும். ஒரு பெயர்ச்சொல்லின்மீது இத்தனை உயிர் தொங்கியதை இலக்கண நூல்களிற் காண இயலாது. இமாமுரா தம் கீழோர் செய்த குற்றங்களைத் தடுக்கத் தவறினார் என 1947இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

கட்டில் விரித்த கொட்டில்

இனி, குளோரி முதலிய கப்பல்கள் மேற்கொண்ட இரண்டாம் பணிக்கு வருவோம்.

ஜப்பான் பணிந்தபோது, அதன் பிடியில் இருந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளும் காவலில் வைக்கப்பட்ட குடிமக்களும் மஞ்சூரியா முதல் ஜாவா வரை சிதறிக் கிடந்தனர். அவர்களை மீட்பதற்கெனத் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஆகஸ்ட் இறுதியில் முகாம்களின்மேல் விமானங்கள் தாழப் பறந்து துண்டறிக்கைகளை வீசின. போர் முடிந்தது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உதவி வருகின்றது என்ற செய்தியோடு மற்றோர் எச்சரிக்கையும் அவற்றில் இருந்தது. நெடுநாள் பட்டினி கிடந்தோர் எடுத்தவுடன் மிகுதியாக உண்ணலாகாது என்பதே அது. விடுதலைச் செய்தியோடு பத்தியமும் சேர்த்து விதித்த அறிக்கை உலகில் வேறு உண்டோ, அறியோம். தீட்டிய அரிசிச் சோறு சிறிதும் நீர்க்கூழும் உண்டு மூன்றரை ஆண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் கால்களை வீங்கச் செய்யும், இதயத்தையும் தாக்கும்.

இத்தகையோரைக் கொண்டுவரப் பயணிகள் கப்பல்கள் போதவில்லை. மருத்துவக் கப்பல்கள் சிலவே. அப்போதுதான் விமானந்தாங்கிகளின் வெற்றுக் கொட்டில் நினைவுக்கு வந்தது. விமானங்கள் கரையில் இறக்கப்பட்டன. கட்டில்கள் அடுக்கப்பட்டன. வணிகக் கப்பல்களை விட விரைந்து செல்லும் இயந்திரம், மருத்துவ அறை, ஆயிரம் பேருக்கு மேல் சமைக்கும் அடுக்களை, கடல்நீரைக் காய்ச்சி வடித்து நன்னீராக்கும் கருவி ஆகிய யாவும் ஏற்கெனவே இருந்தன. மேல்தளமோ, நோயாளிகள் காற்று வாங்கி உலாவ, நகரத் திடலுக்கு ஒப்பான வெளி. முள்வேலி இன்றி வானத்தைப் பார்க்க அவர்களுக்கு அதைவிடத் தக்க இடம் கிடைத்திருக்காது.

இப்பணியில் முதலில் இறங்கியவற்றுள் ஒன்று 'ஸ்பீக்கர்' என்னும் சிறு விமானந்தாங்கி. அமெரிக்காவில், வணிகக் கப்பலுக்குரிய உடலில் கட்டப்பட்டுப் பிரிட்டிஷ் கடற்படைக்கு 1943இல் அளிக்கப்பட்டது அது. பெருங்கப்பல்களின் பின்னே எண்ணெயும் உணவும் சுமந்து செல்லும் துணைக் கப்பற்கூட்டத்தைக் காப்பதும், மாற்று விமானங்களைக் கொண்டு கொடுப்பதும் அதன் தொழில். புகழ் தேடித் தரும் தொழிலன்று. டோக்கியோ விரிகுடாவில் சரணடைவு ஒப்பந்தம் செப்டம்பர் 2ஆம் நாள் கையெழுத்தாயிற்று. மறுநாள், சிறை மீண்டோர் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கர் விரிகுடாவை விட்டு வெளியேறியது. அப்போது அங்கே நங்கூரமிட்டிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் வீரர்கள் தளங்களில் நிறைந்து நின்று, அச்சிறு கப்பல் தம்மைக் கடக்கும்போதெல்லாம் ஆரவாரித்தனர். வெற்றிக் கப்பற்படை முழுவதும் எலும்பும் தோலுமாய் நின்ற சில நூறு பேருக்கு மரியாதை செய்த அக்காட்சி, முதல்நாள் நடந்த கையெழுத்து விழாவிலும் பெரிது என்பது நம் எண்ணம். அவர்களை மணிலாவில் இறக்கிவிட்டு, நாகசாகிக்கும் சென்று மேலும் பல நூறு பேரை அது ஏற்றி வந்தது.

மணிலா அந்நாளில் சிறை மீண்டோரின் சந்திப்பிடமாக விளங்கியது. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அங்கே உடல் தேறி, ஆடை பெற்று, பெயர் பதிந்து, பின்னர் அவரவர் திசைக்குப் பிரிந்தனர். 'ஃபார்மிடபிள்' என்னும் பெரும் விமானந்தாங்கி, சிங்கப்பூர் வீழ்ச்சியிற் பிடிபட்ட ஆஸ்திரேலிய எட்டாம் டிவிஷன் வீரர்களை அங்கிருந்து ஏற்றி, அக்டோபர் 13ஆம் நாள் சிட்னியில் இறக்கியது. குளோரியும் அம்மாதத்தில் மணிலாவிலிருந்து சிறை மீண்டோரைச் சுமந்து, பசிபிக்கின் முழு அகலத்தையும் கடந்து, கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. பிரிட்டன் செல்வோர் கனடா செல்வானேன் என்று மாணவர் வினவக்கூடும். மேற்கே திரும்பிச் சூயஸ் வழியாகச் செல்வதினும், கிழக்கே பசிபிக்கைக் கடந்து, இரயிலேறி அமெரிக்கக் கண்டத்தை ஊடறுத்து, மறுகரையில் அட்லாண்டிக் கப்பல் பிடிப்பது அன்று எளிதாக இருந்தது. உலகை ஏறக்குறையச் சுற்றி வந்தே அவர்கள் வீடு சேர்ந்தனர். அவ்வாறு சேர்ந்தவர்களுட் பலர், நடந்ததைப் பற்றி வீட்டாரிடமும் பல்லாண்டுகள் வாய்திறக்கவில்லை.

குளோரியின் பிற்கால வாழ்வை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1951 முதல் 1953 வரை கொரியப் போரில் உண்மையாகவே போரிட்டது. 1961இல், அதாவது விக்ராந்த் கொடியேற்றிய அதே ஆண்டில், ஸ்காட்லாந்தின் இன்வர்கீதிங் என்னுமிடத்தில் உடைக்கப்பட்டது. மூன்றாண்டுக்கெனக் கட்டியது பதினாறாண்டு இருந்தது.

பெயர்ப் பட்டியல்

கப்பலேறும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு பட்டியலில் ஏறினர். பெயர், படை எண், பிரிவு, தரம், ஊர் ஆகியவை அதிற் காணப்படும். முகாம்களில் ஜப்பானியர் அறியாமல் இறந்தோர் பெயரையும் நாளையும் துண்டுத் தாள்களில் எழுதி, மூங்கிற் குழாய்களிலும் மண்ணிலும் மறைத்துவைத்த அதிகாரிகள் இருந்தனர். அவர்கள் காத்த தாள்களே பின்னர்க் கல்லறைகளுக்குப் பெயர் தந்தன. கப்பலைப் போலவே பட்டியலும் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் கருவியாயிற்று.

பட்டியலில் இருந்தும் கப்பலேறாதவர் உண்டு. ஹாங்காங்கை 1945 ஆகஸ்ட் 30ஆம் நாள் பிரிட்டிஷ் கப்பற்படை மீட்டபோது, குளோரியின் உடன்பிறப்பான வெனரபிளும் அதில் இருந்தது. அங்கு 1941 டிசம்பரிற் பிடிபட்ட இந்தியப் படைப்பிரிவுகளுள் ஒன்று இராஜபுத்திரப் படைப்பிரிவு. அதன் அதிகாரிகளுள் ஒருவர் ஐதராபாத்தைச் சேர்ந்த கேப்டன் மதீன் அகமது அன்சாரி. அரச குடும்பத்தோடு அவருக்கு இருந்த உறவை அறிந்த ஜப்பானியர், அவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றனர். அவர் மறுத்தார். பட்டினி போட்டனர், வதைத்தனர். அவரோ முகாமில் உள்ளவர் தப்பிச் செல்ல உதவியும் செய்தார். 1943 அக்டோபர் 29ஆம் நாள், இந்தியர், சீனர், பிரிட்டிஷார் எனப் பலரோடு சேர்த்து அவரைத் தலைவெட்டிக் கொன்றனர். 1946 ஏப்ரலில் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. ஹாங்காங்கின் ஸ்டான்லிக் கல்லறையில் அவர் அடக்கம் பெற்றிருக்கின்றார். மீட்புக் கப்பல் வருவதற்கு இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவான காலமே எஞ்சியிருந்தது.

நியூகினியின் வேவாக் பகுதிக்கு 1943 மே மாதத்திற் கொண்டுசெல்லப்பட்ட இந்திய வீரர்களின் கதை அதனினும் கொடிது. ஏறத்தாழ 3,000 பேராகச் சென்றவர்களுள், 1945 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியர் கண்டெடுத்த கூட்டத்தில் இறுதியாக எஞ்சியோர் 11 பேர். அவர்களுட் பத்துப் பேர் நவம்பர் 16ஆம் நாள் தாயகம் திரும்பும் வழியில் ரபாவுலுக்கு அருகே விமானம் விழுந்து மாண்டனர். எஞ்சிய ஒருவர் சிந்த் சிங். போர்க்குற்ற விசாரணையிற் சான்று சொல்வதற்காகப் பின்தங்கியமையால் அவர் உயிர் பிழைத்தார். மூவாயிரவர் பெயரையும் கூறவல்ல வாய் ஒன்றே மிஞ்சிற்று. அவர் கூறினார், அதனால்தான் நாம் இதனை எழுத முடிகின்றது. ரபாவுலை அடுத்த பீட்டா பாக்காப் போர்க்கல்லறையில் இந்திய வீரர்களும் துயில்கின்றனர். அக்கல்லறையில் பெயரறியாதோர் பலர்.

படை எண் இருந்தவர்க்கே இந்நிலையெனின், எண்ணே இல்லாதவர் நிலை யாது?

சயாம் நாட்டையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதையைத் தமிழர் 'சயாம் மரண இரயில்' என்பர். 1943 அக்டோபரில் அதன் இரு முனைகளும் இணைந்தன. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000க்கு மேல். நூல்களும் திரைப்படமும் அவர்களை உலகறியச் செய்தன. அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளரோ, அவர்களினும் பன்மடங்கு மிகுதி. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். குறுகிய கால வேலை, நல்ல கூலி என்று சொல்லிச் சிலரை அழைத்தனர். பலரைப் பிடித்தே கொண்டுசென்றனர். குடும்பத்தோடு சென்றவரும் உண்டு. கைதிகளிடையே மருத்துவ அதிகாரிகள் இருந்தனர். படைக் கட்டுப்பாடு இருந்தது. நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் எனக் கட்டளையிட ஒருவர் இருந்தார். தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி அவர்கள் குடிசைகளை வரிசை வரிசையாகத் துடைத்தெடுத்தது. மருந்தின்றி, மண் தள்ள ஆளின்றி, பொதுக்குழிகளில் இட்டனர். இறந்தோர் தொகை பற்பல ஆயிரம் என்பதில் ஐயமில்லை. எந்தக் கணக்கும் முடிந்த கணக்கன்று. கணக்கிடுதற்குப் பட்டியல் வேண்டுமே.

போர் முடிந்தபின் மீட்பு அமைப்பின் முதற்கவனம், தன் பெயருக்கேற்பப் போர்க்கைதிகள்மீதும் காவலில் இருந்த ஐரோப்பியக் குடிமக்கள்மீதும் சென்றது. அவர்களை விமானமும் கப்பலும் சில வாரங்களில் கொண்டுசென்றன. தொழிலாளர் பாதையோர முகாம்களிற் காத்திருந்து, அவர்களே இட்ட தண்டவாளத்தின்மீது ஓடிய இரயிலில், கூட்டங்கூட்டமாகத் தெற்கே திரும்பினர். தோட்டத்தை அடைந்தவர்கள், தம் லயத்து வீட்டில் வேறு குடும்பம் இருக்கக் கண்டதும் உண்டு. இதற்காக மாலுமிகளைக் குறை கூறுதல் முறையன்று. பட்டியலில் இருந்தோரை அவர்கள் அன்போடு சுமந்தனர். பட்டியலை வரைந்த அரசுகளின் கண்ணுக்கு எட்டிய தொலைவே நாம் இங்கு எண்ணிப் பார்ப்பது.

காஞ்சனாபுரியில் இரயில் நிலையத்துக்கு அருகே போர்க்கல்லறை ஒன்று உள்ளது. சுமார் 7,000 கல்லறைகள். புல் சீராக வெட்டப்பட்டிருக்கும். வெண்கலத் தகடுகளில் பெயர், படைப்பிரிவு, அகவை, இறந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. அதே ஊரை அடுத்த வயல் ஒன்றை 1990இல் தோண்டியபோது, நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதினர். ஒன்றுக்கேனும் பெயரில்லை.